சீரியல் முடிந்த பிறகு அந்தப் பையனுக்கு என்ன மிச்சம்?

வடசென்னைக் காசிமேட்டிலிருந்து ஒரு தாய்மாமன் கேட்டிருக்கிறீர்கள். அக்கா மகன் ஏழு வயதில் ஒரு தினசரித் தொடரில் நடிக்கப் போனான். 2015 முதல் 2019 வரை நாலு வருடம் நடித்தான். ஏரியாவில் எல்லோருக்கும், வீட்டில் உங்களுக்கும்கூட, அவன் இன்னும் அந்தப் பாத்திரத்தின் பெயரான ‘அப்பு’தான். இப்போது 17 வயது, பிளஸ் டூ. மூன்று வருடமாக ஆடிஷன் ஆடிஷனாக ஏறி இறங்குகிறான், ஒன்றும் அமையவில்லை. கல்லூரி வேண்டாம், முழு நேரமும் வாய்ப்புத் தேடுகிறேன் என்கிறான். பழைய எபிசோடுகள் யூடியூபில் ஓடிக்கொண்டிருக்கின்றன, அதில் அவனுக்குப் பங்கு உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எழுதியிருக்கும் கேள்வி, இந்தத் துறையில் அவனுக்கு எதிர்காலம் உண்டா என்பது. ஆனால் படிக்கும்போது எனக்குக் கேட்டது இன்னொன்று: எங்கள் பையன் என்ன தப்பு பண்ணினான்? அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அவன் ஒரு தப்பும் பண்ணவில்லை.

நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரன். 2002-ல் உதவி இயக்குநராகச் சேர்ந்தேன், அப்புறம் எபிசோட் இயக்குநரானேன். மொத்தம் 19 வருடம் சீரியல் செட்டுகளில் இருந்திருக்கிறேன். குழந்தைகள் முக்கியப் பாத்திரமாக இருந்த ஐந்து தொடர்களில் வேலை செய்திருக்கிறேன். செட்டில் நடப்பதைப் பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். சட்டம் பற்றிச் சொல்வதைக் கையில் காகிதத்தோடு ஒரு வக்கீலிடம் காட்டி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பையன் நடிகனாக வருவானா என்பதைப் பற்றிச் சொல்வது என் கணிப்பு மட்டும்தான். அதை உறுதியாகச் சொல்லக்கூடிய ஆள் இந்த ஊரில் யாரும் இல்லை.

சீரியல் புகழ் எப்படிப்பட்டது என்று முதலில் புரிந்துகொள்ள வேண்டும். சென்னையில் தொலைக்காட்சி தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. தூர்தர்ஷன் காலத்தில் தொடர் என்றால் வாரம் ஒரு நாள், பெரும்பாலும் 13 வாரம். அதில் வந்தவர்கள் பலர் ஏற்கெனவே மேடையில் பழுத்தவர்கள். 1993-ல் சன் டிவி வந்தது. 1999-ல் ‘சித்தி’ வந்தபோது ஊரே வாரத்துக்கு ஐந்து நாள் ராத்திரி ஒரே நேரத்தில் ஒரே வீட்டுக் கதையைப் பார்க்கப் பழகியது. 2003-ல் ஆரம்பித்த ‘கோலங்கள்’ 2009 வரை 1,500 எபிசோடுகளுக்கு மேல் ஓடியது. இப்படித் தினமும் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குள் வரும் முகத்தை மக்கள் நடிகராகப் பார்ப்பதில்லை, வீட்டு ஆளாகப் பார்க்கிறார்கள். அந்தப் பாசம் பொய் இல்லை. ஆனால் அது ஒட்டியிருப்பது அந்த நேரத்தோடும் அந்தப் பாத்திரத்தோடும்தான். ஒரு தொடரில் முக்கிய நடிகை விலகிப் போனபோது ‘இனி இவருக்குப் பதில் இவர்’ என்று கார்டு போட்டு வேறொருவரைக் கொண்டுவந்தோம். இரண்டு வாரம் திட்டினார்கள். மூன்றாவது வாரம் புதியவரைக் கடைத்தெருவில் பார்த்து அதே பாத்திரப் பெயரில் கூப்பிட்டுக் கைபிடித்து அழுதார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். தொடர் முடிந்தால், அடுத்த திங்கட்கிழமை அதே நேரத்தில் வேறொரு குடும்பம் குடிவந்துவிடும். உங்கள் அக்கா மகன் இழந்தது அந்த ஸ்லாட்டை, அதாவது அந்த ஒளிபரப்பு நேரத்தை. அது அவன் சம்பாதித்ததும் இல்லை, அவனால் காப்பாற்றியிருக்கக்கூடியதும் இல்லை.

குழந்தைக்கு இதில் இன்னொரு கஷ்டம் சேர்கிறது. அது டிவி வருவதற்கு முன்பே இருந்தது. நம் வால்டாக்ஸ் ரோட்டில் ஒத்தவாடைக் கொட்டகை இருந்த காலத்தில் பாய்ஸ் கம்பெனிகள் என்று சிறுவர்களை வைத்து நாடகம் போட்டார்கள். பெண் வேடமும் சிறுவர்கள்தான் போடுவார்கள், பாடவும் வேண்டும். பதின்மூன்று, பதினாலு வயதில் குரல் உடையும். அதை அவர்கள் மகரக்கட்டு என்பார்கள். நேற்றுவரை கைதட்டல் வாங்கிய பையன் மகரக்கட்டு வந்த மாதத்திலிருந்து கூட்டத்தில் நிற்பான், திரை இழுப்பான். எம்.ஜி.ஆர். சிறு வயதில் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். முதல் படம் 1936, கதாநாயகனாக வந்தது 1947. நடுவில் பதினோரு வருடம். கமல் ஹாசன் சின்னப் பிள்ளையாக நடித்த முதல் படத்துக்கே ஜனாதிபதி கையால் பதக்கம் வாங்கினார். ஆனால் சிறுவன் என்ற நிலை போய் இளைஞன் என்று ஆவதற்குள் டி.கே. சண்முகத்தின் நாடகக் குழுவில் இருந்தார், தங்கப்பன் மாஸ்டரிடம் நடன உதவியாளராக வேலை பார்த்தார். பெரியவர்களின் பெயரைச் சொல்லி ஆசை காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த நடு வருடங்களில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். மேடையிலோ நடனக் கூடத்திலோ தினமும் உடம்பும் குரலும் வேலை செய்தன. உங்கள் பையனுக்கு 11 வயதிலிருந்து 17 வரை அப்படி ஒன்று கிடைக்கவில்லை. ஆடிஷன் மட்டும்தான் கிடைத்தது. ஆடிஷன் பயிற்சி ஆகாது.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. வெளியே இருப்பவர்களுக்கு இது தெரியாது. நாலு வருடம் சீரியலில் நடித்த பையனுக்கு நடிப்பு தெரிந்திருக்கும் என்று நினைக்கிறோம். தெரிந்திருக்க வாய்ப்பே கம்மி. ஏன் என்று சொல்கிறேன். ஒரு எபிசோடு ஏறக்குறைய 20 நிமிடம் ஓடும். ஒரு நாளில் ஒரு எபிசோடு எடுத்தாக வேண்டும், நெருக்கடி என்றால் ஒன்றரை. வசனம் பல நாள் காலையில்தான் வந்து சேரும். யாருக்கும் மனப்பாடம் செய்ய நேரம் இல்லை. ஆகவே கேமராவுக்குப் பக்கத்தில் ஓர் உதவி இயக்குநர் நின்று வரிவரியாகப் படிப்பான், நடிகர் கேட்டுத் திருப்பிச் சொல்வார். பிராம்ப்டிங் என்போம். என் முதல் ஆறு வருட வேலை அதுதான். குழந்தை என்றால் இன்னும் மோசம். ‘மேலே பார், அம்மாவைப் பார், உதட்டைக் கடி, இப்ப அழு’ என்பது உள்பட எல்லாவற்றையும் நாங்களே சொல்லிக்கொடுப்போம். குழந்தை எதிரொலி மாதிரி செய்யும். கண் பெரிதாக இருந்தால், சொன்னதைப் பிடித்துக்கொள்ளும் சூட்டிகை இருந்தால் போதும். அந்தச் சூட்டிகைக்குத்தான் ஊர் கைதட்டியது. இப்போது 17 வயதில் ஆடிஷன் அறையில் ஒரு பக்க வசனத்தைக் கையில் கொடுத்து, பத்து நிமிடம் கழித்து வா என்கிறார்கள். பிராம்ப்டர் இல்லை. அவன் காது அந்தக் குரலுக்காகக் காத்திருக்கிறது. இதே காரணத்தால் தடுமாறிய மூன்று பிள்ளைகளை நேரில் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் திறமை இருந்தது. யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

குரல் விஷயமும் அப்படியே. உங்கள் பையன் நடித்தபோது அவன் குரல் ஒளிபரப்பானதா? எனக்குச் சந்தேகம். தமிழ் சீரியல்களில் சின்னப் பையன்களுக்குப் பெரும்பாலும் பெண் டப்பிங் கலைஞர்கள்தான் பேசுவார்கள். மிக அருமையாகப் பேசுகிறவர்கள் அவர்கள், குறை சொல்லவே இல்லை. ஆனால் விளைவு என்ன? காசிமேட்டுப் பையன் நாலு வருடம் டிவியில் இருந்தான், அவன் பேச்சு ஒரு நாள்கூட டிவியில் வரவில்லை. வடசென்னைப் பேச்சின் வேகமும் இழுவையும் செட்டில் எங்களுக்கு ஒரு தொந்தரவு. ‘தம்பி, இட்டுனு வா இல்ல, கூட்டிட்டு வா’ என்று திருத்துவோம். நானும் இந்தப் பகுதிக்காரன்தான். இருந்தும் திருத்தியிருக்கிறேன், அது என் வேலை என்று நினைத்தேன். இப்போது நிலைமை மாறிவிட்டது. சினிமாவிலும் வெப் சீரிஸிலும் இந்தப் பேச்சைச் சரியாகப் பேசத் தெரிந்த ஆளைத் தேடுகிறார்கள். தென்சென்னைப் பையன்கள் கஷ்டப்பட்டுப் பேசிப் பழகுவது அவனுக்கு வீட்டில் இருக்கிறது. ஆடிஷனில் அவன் அதை மறைத்துக்கொண்டு சீரியல் தமிழ் பேசுகிறானா என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக ஆமாம் என்பான்.

சரி, பணம். இங்கே உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். உறுதியானது: குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல் திருத்தினார்கள், 2017-ல் விதிகளும் வந்தன. அதன்படி 14 வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை நடிக்கவைக்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் நிறுத்தக்கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. இவற்றோடு, குழந்தை சம்பாதித்ததில் குறைந்தது 20 சதவீதத்தை அரசுடைமை வங்கியில் குழந்தையின் பெயரிலேயே நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். அது 18 வயதில் அவன் கைக்கு வரும். உங்கள் பையனின் கடைசி இரண்டு வருட வேலை இந்த விதி வந்த பிறகு நடந்தது. ஆகவே அப்படி ஒரு வைப்பு இருக்கிறதா என்று அக்காவிடம் இன்றைக்கே கேளுங்கள். பழைய பாஸ்புக், நிறுவனம் கொடுத்த செக்கின் நகல், பையன் பெயரில் பான் கார்டு எடுத்தீர்களா, வரி பிடித்த சான்றிதழ் வந்ததா, எல்லாவற்றையும் ஒரு கவரில் சேருங்கள். பணம் யார் கணக்கில் போனது என்பதுதான் முதல் கேள்வி. இன்னொன்றும் கவனியுங்கள். குழந்தை தன் திறமையால் சம்பாதித்ததை வருமான வரிச் சட்டம் பெற்றோர் வருமானத்தோடு சேர்ப்பதில்லை, அது குழந்தையின் வருமானம். ஆனால் அந்தப் பணத்தைப் போட்டு வரும் வட்டி, அவன் மைனராக இருக்கும்வரை பெற்றோர் வருமானத்தோடு சேரும்.

சந்தேகமானது: அந்த 20 சதவீதத்தை நிறுவனம் உண்மையிலேயே போட்டதா என்பது. நான் வேலை செய்த சில செட்டுகளில் ஆட்சியர் அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. ஐந்து மணி நேர விதியைப் பற்றி யாரும் பேசியதும் இல்லை. ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு, சோபாவில் தூங்கிப்போன ஆறு வயதுப் பெண் குழந்தையை, ஒரே ஒரு ஷாட் பாக்கி என்று நானே எழுப்பியிருக்கிறேன். தூக்கக் கலக்கத்தில் அழுதது. அந்த அழுகையையே எடுத்துக்கொண்டோம். அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. வைப்பு போடப்படவில்லை என்று தெரிந்தால் ஒப்பந்தத்தோடும் கணக்கு விவரத்தோடும் வக்கீலிடம் போங்கள். இத்தனை வருடம் கழித்து எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். வக்கீல் செலவு கட்டாது என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் அங்கே இலவசச் சட்ட உதவி உண்டு. அவனுக்கு 18 வயது நிறைவதற்கு முன் போவது நல்லது.

அக்கா அந்தப் பணத்தைக் குடும்பத்துக்குச் செலவழித்திருக்கலாம். வாடகை, மருந்து, அண்ணன் படிப்பு, எத்தனையோ இருந்திருக்கும். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். ஆனால் பையனிடம் கணக்கைச் சொல்லுங்கள். இந்த விஷயத்தில் உலகத்துக்கே பாடமாக ஆன கதை ஒன்று உண்டு. ஜாக்கி கூகன் என்ற அமெரிக்கச் சிறுவன் 1920-களில் சார்லி சாப்ளினோடு நடித்து உலகப் புகழ் பெற்றவன். வயது வந்து கணக்குக் கேட்டபோது அவன் சம்பாதித்த பல லட்சம் டாலரும் கரைந்திருந்தது. 1938-ல் தாய் மீதும் மாற்றாந்தகப்பன் மீதும் வழக்குப் போட்டு சுமார் 1,26,000 டாலர்தான் மீட்டான். அதன் பிறகுதான் கலிபோர்னியாவில் 1939-ல் குழந்தை நடிகரின் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தனியே பாதுகாக்கச் சட்டம் வந்தது. கூகன் பல வருடம் கழித்து, ஐம்பதை நெருங்கும் வயதில், மொட்டைத் தலையோடு ஒரு டிவி தொடரில் மாமா வேடம் போட்டு மறுபடி பிள்ளைகளுக்குப் பிடித்தவராக ஆனார். பணம் போனதைவிட, அம்மா தனக்குச் சொல்லாமல் இருந்ததுதான் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஆறாத புண் என்று நான் பார்த்த வரையில் நினைக்கிறேன். எங்கள் செட்டில் வளர்ந்த ஒரு பெண் இன்றைக்கும் அம்மாவோடு பேசுவதில்லை. காரணம் செலவழித்தது அல்ல, ‘உனக்கு யார் சம்பளம் கொடுத்தா’ என்று அம்மா கேட்டது.

யூடியூப் பங்கு பற்றி. பதிப்புரிமைச் சட்டத்தையும் அதில் 2012-ல் வந்த திருத்தத்தையும் சேர்த்துப் பாருங்கள். நடிப்பவருக்கும் பாடுபவருக்கும் தங்கள் நிகழ்த்துதலில் உரிமை உண்டு, அது 50 வருடம் நிற்கும், அதை வணிக ரீதியாகப் பயன்படுத்தினால் ராயல்டி பெறத் தகுதி உண்டு என்று எழுத்தில் இருக்கிறது. பாடகர்கள் தங்களுக்கென்று சங்கம் அமைத்து வசூலிக்கத் தொடங்கினார்கள். சீரியல் நடிகர்கள் விஷயத்தில் நடைமுறை வேறு. ஒரு நாள் கால்ஷீட்டுக்கு இவ்வளவு என்று கொடுத்து, எல்லா உரிமையும் நிறுவனத்துக்கே என்று கையெழுத்து வாங்கிவிடுவார்கள். 2020 ஊரடங்கில் ஷூட்டிங் நின்றபோது பழைய தொடர்களை மறுபடி போட்டார்கள். ‘மெட்டி ஒலி’ திரும்ப வந்தது, மறுபடியும் ஊரே பார்த்தது. அந்த நாட்களில் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்து தன் பழைய தொடரையே டிவியில் பார்த்துக்கொண்டிருந்த நடிகர்களோடு போனில் பேசினேன். மறுஒளிபரப்புக்குப் பணம் வந்தது என்று எனக்குத் தெரிந்தவர்களில் ஒருவரும் சொல்லவில்லை. எனவே ஒப்பந்தத்தை வக்கீலிடம் காட்டுங்கள், ஆனால் அந்தப் பணத்தை நம்பி எந்தத் திட்டமும் போடாதீர்கள்.

கல்லூரி வேண்டாம் என்பதற்கு என் பதில் கடுமையாக இருக்கும்: போகத்தான் வேண்டும். பட்டம் பாதுகாப்பு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. 17 வயதிலிருந்து 21 வரை பையன்களுக்கு வேடமே குறைவு. சீரியலில் குழந்தை தேவை, அப்புறம் கல்யாண வயதில் ஆள் தேவை. நடுவில் உள்ள வயதுக்குத் தம்பி வேடம், நண்பன் வேடம், அதுவும் மாதத்துக்கு இரண்டு மூன்று கால்ஷீட். கதையில் ‘லீப்’ வைத்து பத்து வருடம் தாண்டுவதே அந்த வயதைத் தவிர்க்கத்தான். அவன் வீட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அந்த வருடங்கள் வேகமாகப் போகாது. வியாசர்பாடியில் அம்பேத்கர் அரசுக் கல்லூரி இருக்கிறது, பழைய வண்ணாரப்பேட்டையில் தியாகராயா கல்லூரி இருக்கிறது. பக்கத்தில் சேர்ந்தால் சாயங்காலம் கைவசம் இருக்கும். கேமராவுக்குப் பின்னால் ஆர்வம் இருந்தால் தரமணி எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் ஒளிப்பதிவு, ஒலி, எடிட்டிங், இயக்கம் எல்லாம் பட்டப்படிப்பாகவே இருக்கின்றன, அரசு நிறுவனம். அங்கே போகும் பையன் நாலு வருடம் செட்டில் வளர்ந்தவன் என்றால், மற்ற மாணவர்களுக்குத் தெரியாத ஆயிரம் விஷயம் அவனுக்குத் தெரிந்திருக்கும். லைட் எங்கே விழும், எந்தப் பக்கம் நின்றால் அடுத்தவரை மறைப்போம், கன்டினியூட்டி என்றால் என்ன (ஒரு ஷாட்டில் இருந்தபடியே அடுத்த ஷாட்டிலும் எல்லாம் பொருந்தி இருப்பது), இவை குழந்தையின் உடம்பில் ஏறியவை. உண்மையில் அவனுக்கு மிச்சமிருப்பது அதுதான், குறைவில்லாத சொத்து.

சாயங்காலம் என்ன செய்வது? நாடகக் குழு. 1977-ல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை எத்தனை பேரை உருவாக்கியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதப் போய், நடிகர்கள் பயிற்சி செய்வதைப் பார்த்துப் பார்த்துக் கற்றவர். பிறகு சீரியலிலும் சின்ன வேடங்கள் செய்துதான் வந்தார். பெரிய குழுதான் வேண்டும் என்று இல்லை. வாரம் இரண்டு நாள் வசனத்தை மனப்பாடம் செய்து, பிராம்ப்டர் இல்லாமல், எதிரில் நிற்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசவைக்கும் எந்தக் குழுவும் போதும். இன்னொரு விஷயம்: ‘கோஆர்டினேட்டர்’ என்று சொல்லிக்கொண்டு பதிவுக் கட்டணம், போட்டோ ஆல்பத்துக்கு இவ்வளவு என்று முன்பணம் கேட்பவர்களிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். வேலை வாங்கிக் கொடுத்துவிட்டுச் சம்பளத்தில் கமிஷன் எடுப்பவர் வேறு. நடிக்க வருகிறவனிடமே முன்கூட்டிப் பணம் கேட்கும் கம்பெனி எதிலும் நான் வேலை பார்த்ததில்லை. பழைய புகழ் உள்ள பிள்ளைகளைத்தான் இவர்கள் முதலில் குறிவைக்கிறார்கள், ஏனென்றால் அந்த வீடுகளில் ஆசை இன்னும் ஆறியிருக்காது.

வருவானா என்று கேட்டால், என் கணிப்பைச் சொல்கிறேன். சிவகார்த்திகேயன், சந்தானம், வாணி போஜன், பிரியா பவானி சங்கர் எல்லோரும் டிவியிலிருந்து சினிமாவுக்குப் போனவர்கள். ஆனால் அவர்கள் டிவியில் புகழ் பெற்றபோதே வளர்ந்தவர்கள். டிவியில் குழந்தையாகப் பெயர் வாங்கி, பெரியவனாகவும் அதே அளவு பெயர் வாங்குவது மிக அரிது. நான் பக்கத்தில் இருந்து பார்த்த எட்டுப் பிள்ளைகளில் ஒருவர்தான் இன்றைக்கும் நடிக்கிறார், துணை வேடங்களில், நிம்மதியாக. ஒருவர் வடபழனியில் எடிட்டிங் அறையில் இருக்கிறார். ஒரு பெண் செவிலியர். ஒருவன் எண்ணூர் பக்கம் கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர், பார்த்தால் என்னைக் கட்டிப்பிடிப்பான். மற்றவர்களோடு எனக்குத் தொடர்பு விட்டுப்போயிற்று. அதே சமயம் காலம் எப்போது கதவைத் திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. மாரிமுத்து சார் பல வருடம் உதவி இயக்குநர், பிறகு இயக்குநர், பிறகு சின்னச் சின்ன வேடங்கள். ‘எதிர்நீச்சல்’ 2022-ல் தொடங்கி அவரை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோனபோது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. 2023 செப்டம்பரில் டப்பிங் பேசப் போன இடத்தில் நெஞ்சு வலி வந்து காலமானார். அந்த ஒன்றரை வருடப் புகழுக்குப் பின்னால் முப்பது வருட வேலை இருந்தது. உங்கள் பையனுக்குப் புகழ் முதலில் வந்துவிட்டது, வேலை இனிமேல்தான்.

ஆகவே அவனை ஆறு மாதத்துக்கு ஆடிஷனுக்கு அனுப்பாதீர்கள். பரீட்சை முடியட்டும். அப்புறம் ஒரு பக்க வசனம் அவனையே எழுதச் சொல்லுங்கள், காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிற இடத்தில் அவன் கேட்டிருக்கிற ஒரு சண்டையை, அந்தப் பேச்சிலேயே. மனப்பாடம் செய்து போனில் பதிவு பண்ணட்டும். யாருக்கும் அனுப்ப வேண்டாம், அவனே கேட்கட்டும். நடிகனாக அவன் தன் சொந்தக் குரலைக் கேட்பது அதுவே முதல் தடவையாக இருக்கலாம். பிடிக்காது, மறுபடி பண்ணச் சொல்லுங்கள். தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, யாரோடும் பேசாமல் அறையிலேயே கிடக்கிறான் என்றால் அது என் கைக்கு மீறிய விஷயம். தயங்காமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், ஸ்டான்லி மருத்துவமனை பக்கத்தில்தான் இருக்கிறது.

கடைசியாக, ஏரியாவில் எல்லோரும் ‘அப்பு’ என்று கூப்பிடுவதை நிறுத்தச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். தெருவில் நிறுத்த முடியாது. கல்மண்டபம் மார்க்கெட்டில் ஒரு பாட்டி பாசமாகக் கூப்பிட்டால், திரும்பிச் சிரிக்கத்தான் வேண்டும். அவர்கள் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் வீட்டில் நிறுத்தலாம். நீங்களும் அக்காவும் அவனுக்குத் தொட்டிலில் வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். முதல் சில நாள் உங்களுக்கே வாயில் வராது, அவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். இன்னொரு தடவை கூப்பிடுங்கள்.